பாக்ஸரின் மேய்ச்சல் நிலம்

குதிரையைப் பற்றி எழுதப்பட்ட புகழ்பெற்ற கதைகள் பலவும் வாசகனைக் கண்கலங்க வைப்பவை. 1877இல் அன்னா சியூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' கைமாறிக் கைமாறி நலிந்துபோகும் ஒரு குதிரை தன் வாயாலேயே சொல்லும் வாழ்க்கை. 1886இல் வெளியான டால்ஸ்டாயின் 'கோல்ஸ்டோமர்' ஒரு முதிய குதிரையின் கடைசி நாட்கள். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யில் (1945) உழைத்து ஓய்ந்த பாக்ஸரைக் கசாப்புக்காரனின் வண்டி ஏற்றிச் செல்லும் இடத்தில் புத்தகத்தைச் சற்று மூடிவைக்காதவர்கள் நம்மில் குறைவு. இந்தக் கண்ணீரின் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கண்ணீரிலிருந்து வாசக உலகம் ஒரு தீர்ப்பையும் எடுத்து வைத்திருக்கிறது: வளர்த்த குதிரையை வீட்டைவிட்டு அனுப்புகிறவன் துரோகி. அமெரிக்கச் சிறு பண்ணைக் குடும்பம் ஒன்று நிலத்தை விற்றுவிட்டுக் குதிரைகளுக்கு வேறிடம் தேடும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பே அதன் தலையில் இறங்குகிறது. இத்தீர்ப்பு பிழையானது என்பதும், குதிரைகளுக்கே கேடு செய்வது என்பதும் எங்கள் வாதம்.

பாக்ஸரின் கதையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். புரட்சி வென்றதும் அந்தப் பண்ணையில் ஒவ்வொரு விலங்குக்கும் ஓய்வு வயது வகுக்கப்படுகிறது; குதிரைக்குப் பன்னிரண்டு. பழத்தோட்டத்துக்கு அப்பால் ஒரு சிறு புல்வெளி முதிய விலங்குகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. பிறகு ஒருநாள் அந்தப் புல்வெளி உழப்பட்டு அதில் பார்லி விதைக்கப்படும் செய்தி வருகிறது. வண்டி வருவது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது வண்டியை. பார்லியை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் பாக்ஸர் கைவிடப்பட்டது புல்வெளி உழப்பட்ட அன்றே. வண்டி அதன் பின்விளைவு. அமெரிக்கக் கிராமப்புறத்தில் இன்று நிகழ்வதும் இதுவே. புல்வெளியை உழுதவர்கள் வேறு எவரோ. வண்டி வரும் நாளில் வாசலில் நிற்க நேர்வதால் பழி சுமப்பது அந்தக் குடும்பம்.

*

அமெரிக்க வேளாண் துறையின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்வதைப் பார்ப்போம். 2017இல் இருபது லட்சத்து நாற்பதாயிரம் அளவில் இருந்த பண்ணைகள் ஐந்தே ஆண்டுகளில் பத்தொன்பது லட்சமாகக் குறைந்தன. ஏறத்தாழ 1,40,000 பண்ணைகள் இல்லாமற்போயின. இரண்டு கோடி ஏக்கர் பண்ணை நிலம் கணக்கிலிருந்து மறைந்தது. உழவர்களின் சராசரி வயது 58.1. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். முதியவர்கள் முழங்கால் வலியோடு உலர்புல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். குதிரை வளர்ப்போர் என்றதும் பந்தய மைதானத்தின் செல்வந்தர்களை நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே பேசப்படுவது அவர்களைப் பற்றியல்ல.

ஓஹாயோவிலோ வெர்மான்டிலோ நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் எழுபது வயதுத் தம்பதியை எண்ணிக்கொள்வோம். மருத்துவச் செலவுக்காக முப்பது ஏக்கரை விற்க வேண்டியிருக்கிறது. லாயத்தில் நான்கு குதிரைகள். மகள் பள்ளியில் படித்தபோது வாங்கிய பெண்குதிரைக்கு இப்போது இருபத்தாறு வயது. காயடித்த ஆண்குதிரை ஒன்று, பதினெட்டு வயது, முன்கால் நொண்டி. பேரக் குழந்தைகளுக்காக வந்த மட்டக்குதிரை ஒன்று. அண்டை வீட்டார் ஊரைவிட்டுப் போகும்போது ஒப்படைத்துச் சென்ற, சேணம் ஏற்றிப் பழக்காத ஐந்து வயதுக் குதிரை ஒன்று. இந்த நான்கில் எதை யார் வாங்குவார்கள்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. இன்றைய குதிரைக்கு இந்தக் கணக்கு நேர் எதிராக நிற்கிறது: இருந்தாலும் செலவு, இறந்தாலும் செலவு. குதிரை இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் வாழும். சவாரிக்கு உதவுவது அதில் பாதிக்காலம், சில சமயம் அதுவும் இல்லை. ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் புல் வேண்டும். புல்வெளி விற்கப்பட்டபின் அது முழுவதும் விலைக்கு வாங்கும் உலர்புல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்த ஆள் வரவேண்டும். ஆண்டுக்கொருமுறை பல் அராவ வேண்டும். முதிய குதிரை புல்லை மெல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டால் ஊறவைத்த தீவனம் தனியாகத் தரவேண்டும். போதாக்குறைக்குக் குதிரை கூட்டமாக வாழும் பிராணி. இருபது ஆண்டு ஒன்றாக மேய்ந்த இரண்டில் ஒன்றை அனுப்பிவிட்டால் மற்றது வேலியோரமே நின்று கனைத்துக்கொண்டு தீவனத்தைத் தொடாமலிருப்பதைக் குதிரை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

*

அந்தத் தம்பதியின் முன் நான்கு கதவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

முதற்கதவு விற்பனை. வாங்க வருபவருக்கு வேண்டியது ஏழெட்டு வயதில் நொண்டாத, மிரளாத, குழந்தையும் ஏறக்கூடிய குதிரை. அப்படி ஒன்று இருந்தால் அது முதல் வாரத்திலேயே போய்விடும். எஞ்சுபவற்றைப் பார்க்கக்கூட ஒருவரும் வருவதில்லை.

இரண்டாவது, நல்ல இடத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவது. கேட்கும்போதே மனம் குளிரும் வழி இது. ஆபத்தும் இதில்தான் மிகுதி. விலையில்லாத குதிரையைத் தேடி முதலில் வருபவர்களில் கசாப்புத் தரகரும் உண்டு. அவர் அந்தப் பெயரோடு வருவதில்லை. பேத்திக்கு ஒரு குதிரை வேண்டும் என்று வருவார். சில நாட்களில் அது ஏலத்தில் நிற்கும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், விற்பதானால் முதலில் எங்களிடமே தரவேண்டும் என்று விதி போடுங்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் அறிவுரை. எழுதிக்கொள்ளலாம். விதி மீறப்பட்டது தெரியவரும்போது குதிரை எல்லைக்கு அப்பால் இருக்கும். நீதிமன்றம் தரக்கூடியது நஷ்டஈடு மட்டுமே. இலவசமாகக் கொடுத்த இருபத்தாறு வயதுக் குதிரைக்கு எந்த நீதிபதி என்ன நஷ்டத்தைக் கணக்கிடுவார்?

மூன்றாவது, மீட்புக் காப்பகங்கள். இவற்றில் பல உண்மையான தியாகத்தால் நடப்பவை. அவர்களைப் பற்றி ஒரு சுடுசொல்லும் எங்களிடம் இல்லை. ஆனால் அவை நிறைந்து கிடக்கின்றன. பட்டினி போடப்பட்ட குதிரை, வழக்கில் பறிமுதலான குதிரை என்று வரிசை நிற்கையில், நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரைக்கு அங்கே கடைசி இடம். இதிலொரு கொடிய முரண் உண்டு. குதிரையை எலும்பும் தோலுமாக விட்டிருந்தால் அரசே வந்து எடுத்துச் சென்றிருக்கும். கடைசி நாள்வரை தீவனம் வைத்தவனுக்குக் காத்திருப்போர் பட்டியல்.

நான்காவது ஏலச்சந்தை. அங்கே குதிரையின் பெயரும் பழக்கமும் யாருக்கும் தேவையில்லை, எடை போதும்.

இந்த நான்காம் கதவுக்குப் பின்னால் கடந்த சில ஆண்டுகளில் ஒரு புதுவணிகமும் முளைத்திருக்கிறது. தரகர் தன் பட்டியில் நிற்கும் குதிரையைப் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் போடுகிறார். வெள்ளிக்கிழமைக்குள் பிணைத்தொகை வராவிட்டால் வண்டி ஏறிவிடும் என்று கெடு வைக்கிறார். குதிரையை ஒருபோதும் நேரில் தொட்டறியாதவர்கள் பதறிப் பணம் அனுப்புகிறார்கள். கசாப்பு விலையைவிடக் கூடுதலாகத் தொகை வந்து சேர்கிறது. அந்தப் பணத்தோடு தரகர் அடுத்த ஏலத்துக்குப் போய் மேலும் குதிரைகளை வாங்குகிறார். தொழிலுக்கு முதலீடாவது நம் கண்ணீர். துரோகி என்று பண்ணையாரைத் திட்டுகிற அதே கை தரகருக்குப் பணம் அனுப்புகிறது. இரண்டும் ஒரே உணர்ச்சியிலிருந்து பிறப்பவை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

*

சட்டம் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். சட்டம் தடுத்த கதையே இதில் மிகவும் பாடம் தருவது.

அமெரிக்காவில் கடைசியாக எஞ்சியிருந்த குதிரை இறைச்சிக்கூடங்கள் மூன்று. டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்திலும் காஃப்மனிலும் ஒவ்வொன்று, இல்லினாய் மாநிலத்தின் டிகால்பில் ஒன்று. 2005இன் இறுதியில் நாடாளுமன்றம் இறைச்சிக்கான குதிரைகளைப் பரிசோதிக்கும் பணிக்கு நிதி ஒதுக்க மறுத்தது. 2007இல் டெக்சாஸின் பழைய சட்டம் ஒன்றை நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இல்லினாய் புதுச்சட்டம் இயற்றியது. அவ்வாண்டுக்குள் மூன்றும் மூடப்பட்டன. அன்பு வென்றுவிட்டதாக எழுதினார்கள். 2011 ஜூனில் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான பொறுப்புடைமை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2006க்கும் 2010க்கும் இடையில் இறைச்சிக்காகக் கனடாவுக்குச் சென்ற குதிரைகள் 148 விழுக்காடும் மெக்சிகோவுக்குச் சென்றவை 660 விழுக்காடும் கூடியிருந்தன. 2010இல் மட்டும் எல்லை கடந்தவை ஏறக்குறைய 1,38,000. உள்நாட்டில் கூடங்கள் இயங்கியபோது கொல்லப்பட்ட எண்ணிக்கைக்குச் சற்றும் குறையாதது. கொலராடோ மாநிலத்தில் குதிரைகளைப் புறக்கணித்த, வதைத்த புகார்கள் மீதான விசாரணைகள் 2005இல் 975, 2009இல் 1,588. நடுவில் 2008இன் பொருளாதாரச் சரிவும் வந்து சேர்ந்தது என்பது உண்மை. ஆயினும் சட்டம் குதிரையின் சாவை நிறுத்தவில்லை, தூரமாக்கியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. முன்பு உள்நாட்டுப் பயணத்தில் முடிந்தது, பிறகு தண்ணீரின்றி நெரிசலில் நெடுந்தொலைவு நின்றுகொண்டே போவதாக மாறியது.

பரிசோதனை நிதிக்கான தடை 2011இல் விலக்கப்பட்டு 2014இல் மீண்டும் வந்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவிலிருந்து குதிரை இறைச்சி வாங்குவதை நிறுத்தியதும் ஏற்றுமதி வெகுவாகக் குறைந்தது. குறைந்தது, நிற்கவில்லை.

நிற்க. இறைச்சிக்கூடங்களை மறுபடி திறக்கச் சொல்கிறோம் என்று எவரும் பொருள் கொள்ளவேண்டாம். குதிரை எளிதில் மிரளும் பிராணி. மாடுகளுக்கென அமைத்த முறைகள் அதற்கு வதையாகவே முடியும். பெரும்பாலான அமெரிக்கக் குதிரைகள் வாழ்நாளில் எப்போதாவது உட்கொண்டிருக்கும் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி, உணவுக்கான விலங்குகளுக்குத் தரப்படவே கூடாத மருந்து. எங்கள் சண்டை அந்தத் தடையோடு அல்ல. தடை போட்டவர்கள், அந்தக் குதிரைகள் அடுத்த பத்தாண்டுகள் எந்தப் புல்லைத் தின்னும் என்ற கேள்விக்கு ஒரு டாலரும் ஒதுக்காமல் வீடு திரும்பினார்களே, அதனோடுதான் சண்டை.

*

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு; அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேண்டாதகுதிரையை ஏற்க விருப்பமும் வசதியும் தங்களிடம் இருப்பதாகச் சொல்லும் அமெரிக்கக் குடும்பங்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் என்று கணித்தது. அப்படியானால் வீடுகளுக்குப் பஞ்சமில்லை, தேடுவதில்தான் சோம்பல் என்று வாதிடலாம். எங்கள் பதில் இது: விருப்பம் உண்டு என்று சொல்வதற்கும் பனிவிழும் பிப்ரவரி காலையில் உறைந்த தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிடுவதற்கும் இடையே நீண்ட தூரம். அந்த லட்சக்கணக்கானோர் மனத்தில் நிற்கும் குதிரை எது? ஏறிச் சவாரி செய்யக்கூடிய அழகிய குதிரையா, பல்லுதிர்ந்த இருபத்தாறு வயதுப் பெண்குதிரையா? ஆய்வு ஒன்றை மட்டும் உறுதியாகக் காட்டுகிறது: இணைத்துவைக்கும் ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாட்டை எழுபது வயதுத் தம்பதி தனியாகச் செய்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய நிலை.

பெயர்பெற்ற குதிரைகளுக்கே காவல் இருந்ததில்லை. 1986இல் கெண்டக்கி டெர்பி வென்ற ஃபெர்டினான்ட் இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டு, பயனற்றுப்போனதும் 2002இல் இறைச்சிக்குப் போனதாக அறியப்பட்டது. பந்தய உலகம் போற்றிய எக்செல்லர் 1997இல் ஸ்வீடனில் அதே முடிவை அடைந்தது. அந்த அவமானத்துக்குப் பின்னர் பந்தயத்துறை கொஞ்சம் விழித்துக்கொண்டு, ஓய்வுபெறும் பந்தயக் குதிரைகளுக்கென்று 2012இல் ஒரு கூட்டமைப்பை நிறுவி நிதி திரட்டத் தொடங்கியது. நல்லது. ஆனால் வம்சாவளிச் சான்று இல்லாத பண்ணைக் குதிரைக்கு யார் இருக்கிறார்கள்? அமெரிக்க குவார்ட்டர் குதிரைச் சங்கம் 2000களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பதிவு செய்தது. ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் உண்டு. பிறப்பில் காசு வாங்கியவர்கள் முதுமையில் எங்கே போனார்கள்?

குடும்பப் பண்ணையில் குதிரை சாகும்வரை பேணப்பட்ட பொற்காலம் ஒன்று இருந்ததாக நினைப்பவர்களும் உண்டு. 1910களில் அமெரிக்கப் பண்ணைகளில் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமாக இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன. 1960 அளவில் எஞ்சியவை முப்பது லட்சம். டிராக்டர் வந்தபோது வேலையிழந்த அக்குதிரைகள் எல்லாம் புல்வெளியில் ஓய்வெடுத்தா மடிந்தன? 1920களில் இல்லினாயின் ராக்ஃபர்டில் குதிரை இறைச்சியை டப்பாக்களில் அடைத்து நாய்த்தீவனமாக விற்கும் தொழில் பெருகியது. எனவே பழைய தலைமுறை அன்பானது, இன்றையது கல்மனம் கொண்டது என்ற ஒப்பீடு வரலாற்றுக்கு ஒவ்வாது. மாறியது ஒன்றுதான். உழைக்கும் பிராணியாக இருந்த குதிரை குடும்ப உறுப்பினராயிற்று. உறுப்பினராக்கியவர்கள், உறுப்பினருக்குரிய முதியோர் ஏற்பாட்டை ஆக்கவில்லை.

தமிழ் வாசகர்கள் இதைத் தொலைதூரத்துச் செய்தியாகப் படித்துக் கடந்துவிட முடியாது. 'அடிமாடு' என்ற சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. டிராக்டர் வந்தபின் உழவு மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் நேர்ந்ததை நம் கிராமங்கள் அறியும். 2017 மே மாதம் மத்திய அரசு, கால்நடைச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை அறிவித்தது. அம்மாத இறுதியிலேயே சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. அப்போது இரு தரப்பிலும் எழுதப்பட்டவை ஏராளம். கறவை நின்ற மாட்டுக்கு நாளை காலை தீவனம் வாங்கும் காசு எங்கிருந்து வரும் என்ற உழவரின் கேள்வி மட்டும் அந்தக் கூச்சலில் கேட்கவில்லை. கோமாதா என்பவர்களும் தீவனச் செலவை ஏற்பதில்லை, 'கறுப்பழகு'க்காக அழுபவர்களும் ஏற்பதில்லை.

*

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தம்பதிக்கு ஐந்தாவது கதவு ஒன்றுண்டு. கால்நடை மருத்துவரை அழைத்து, தான் பிறந்து வளர்ந்ததைப்போலப் பழகிய அதே முற்றத்தில், தெரிந்த கை கழுத்தைத் தடவிக்கொண்டிருக்க, அந்த இருபத்தாறு வயதுப் பெண்குதிரைக்கு வலியில்லாத முடிவைத் தருவது. இதைக் கொலை என்று தூற்றுவோர் அதிகம். அறியாத ஒருவர் கையில் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அது எங்கோ நன்றாக இருக்கும் என்று நம்பிக்கொள்வதே அன்பு என்று அவர்கள் கருதுகிறார்கள். நாங்கள் மாறுபடுகிறோம். இளமையும் நலமும் உள்ள குதிரைக்கு இதைச் சொல்லமாட்டோம். அதற்கு இடம் தேடியே ஆகவேண்டும். ஆனால் நொண்டிக்கொண்டும் மெல்ல முடியாமலும் இருக்கும் முதிய குதிரைக்கு, ஏலக்கூடத்தின் பீதியும் நெடும்பயணமும் நேராமல் உறுதி செய்வது அதன் மீதான கடைசிக் கடமை. அனுப்பிவிட்டு நிம்மதியடைபவரைவிட, அருகில் நின்று பார்ப்பவரே பெரிய துக்கத்தை ஏற்றுக்கொள்கிறார்.

அந்தக் கதவும் எளிதாகத் திறப்பதில்லை. மருந்துக்கும் மருத்துவருக்கும் உடலை அப்புறப்படுத்தவும் நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். பென்டோபார்பிட்டால் செலுத்தப்பட்ட உடலைக் கொத்தித் தின்ற கழுகுகள் செத்த நிகழ்வுகள் உண்டு. நிலத்தடி நீர் கெடும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே புதைக்க விதிமுறை, சில இடங்களில் தடை. உறைந்த மண்ணில் ஐந்நூறு கிலோ உடலுக்குக் குழி தோண்டப் பொறிவண்டி வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. குட்டி பிறந்து பதிவாகும்போதே, விற்பனையின்போதும், ஒரு சிறு தொகை முதுமை நிதிக்கென்று பிடிக்கப்படட்டும். குதிரையால் ஈட்டுபவர்களும் மகிழ்பவர்களும் அதைக் கட்டட்டும். மாவட்ட நிர்வாகங்கள் முதிய குதிரைகளின் இறுதிக்கான மருத்துவத்தையும் புதைப்பையும் ஏற்கட்டும். விருப்பம் உள்ள வீடுகளையும் வீடிழக்கும் குதிரைகளையும் சரிபார்த்து இணைக்கும் பொது ஏற்பாடு வரட்டும். பண்ணை நிலங்களைக் காக்கவென்று பொதுப்பணம் செலவாகும் இடங்களில் ஒரு மூலை மேய்ச்சலுக்கு விடப்படட்டும். இவை எதற்கும் நாம் ஆயத்தமில்லை என்றால், குறைந்தபட்சம் அந்த முதியவர்களை ஏசாமலிருக்கும் நாகரிகமாவது வேண்டும்.

டால்ஸ்டாய் தன் கதையின் முடிவில் கோல்ஸ்டோமரைச் சொர்க்கத்துக்கு அனுப்பவில்லை. கழுத்தறுபட்ட குதிரையின் தோலும் இறைச்சியும் எலும்பும் யாருக்குப் பயன்பட்டன என்று ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்கிறார். தாய் ஓநாய் தன் குட்டிகளுக்கு அந்த இறைச்சியை ஊட்டுவது வரை. அதன் பழைய எசமானனின் பிணமோ எவருக்கும் உதவாமல் ஆடம்பரமாகப் புதைக்கப்படுகிறது. குதிரைக்காக அழுத எழுத்தாளர்களில், கடைசிக் கணக்கையும் எழுதிமுடித்தவர் அவர். குதிரைக்கு இரங்கும் எவரும் அந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது: நாளுக்குப் பத்துக் கிலோ உலர்புல், இன்னும் எத்தனை ஆண்டு, யார் செலவில்.